வயலில் விட்ட தண்ணீரும் சிரிஞ்சில் ஏறிய மருந்தும்

கேள்வி:



ஜி.என்.எம். முடித்துவிட்டு, திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் 12 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு டாக்டர் செஃப்ட்ரியாக்ஸோன் 600 மி.கி. எழுதியிருந்தார். கையில் இருந்தது 1 கிராம் வயல். வழக்கம்போல 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டுக் கரைத்து 6 மி.லி. எடுத்தேன். புதிதாக வந்திருக்கும் டியூட்டி டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "9.6 மி.லி. தானே விடணும்?" என்றார். இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன். "இருபது வருஷமா பத்துதான் விடறோம், எந்தக் குழந்தைக்கும் ஒண்ணும் ஆகல" என்றார்.

மறுநாள் 2.8 கிலோ பச்சிளங்குழந்தைக்கு ஆம்பிசிலின் 140 மி.கி. 500 மி.கி. வயலில் 2 மி.லி. தண்ணீர் விட்டு 0.56 மி.லி. எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அந்த டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

ஃபார்முலா எனக்கு மனப்பாடம். ஆனாலும் பவுடர் மருந்து என்றால் கை நடுங்குகிறது. யார் சொன்னது சரி? வயலில் 1.5 கிராம் என்று போட்டிருந்தால் எதை வைத்துக் கணக்குப் போடுவது? வீட்டுக்குப் போகும் அம்மாக்களுக்கு டிரை சிரப் கரைப்பதை எப்படிச் சொல்லித் தருவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்றுநர்):

அன்புள்ள சகோதரிக்கு,

டியூட்டி டாக்டர் சொன்னதுதான் சரி. இன்சார்ஜ் சிஸ்டர் செய்வது பெரியவர்கள் வார்டில் தவறாகாது. அங்கே பெரும்பாலும் முழு வயலையும் ஒரே ஆளுக்குக் கொடுக்கிறோம். 9.6 விட்டாலும் 10 விட்டாலும் 12 விட்டாலும் உள்ளே இருந்த 1 கிராமும் அவருக்குள்ளேயே போகிறது. குழந்தைக்கோ வயலில் ஒரு பகுதியைத்தான் எடுக்கிறோம். அப்போது ஒரு மி.லி. கரைசலில் எத்தனை மி.கி. மருந்து இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும்.

விளிம்புவரை பால் ஊற்றிய டம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் பால் வழியும். சர்க்கரை கரைந்தாலும் அதற்கென்று ஓர் இடம் வேண்டும். வயலில் இருக்கும் பவுடரும் அப்படித்தான். 1 கிராம் செஃப்ட்ரியாக்ஸோனுக்கு 9.6 மி.லி. விட்டால் கரைந்த பிறகு மொத்தம் 10 மி.லி. ஆகும். விடுபட்ட 0.4 மி.லி. இடத்தைப் பவுடர் எடுத்துக்கொண்டது. இப்போது மி.லி.க்கு 100 மி.கி.; 600 மி.கி.க்கு 6 மி.லி. கணக்கும் சரி, மருந்தும் சரி. நீங்கள் 10 மி.லி. விட்டதால் மொத்தம் 10.4 மி.லி. ஆகிவிட்டது. மி.லி.க்கு ஏறக்குறைய 96 மி.கி. தான். 6 மி.லி.யில் குழந்தைக்குப் போனது 577 மி.கி. 600 எழுதிய இடத்தில் 577. 100-க்கு 4 குறைவு. இதற்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆம்பிசிலின் விஷயம் அப்படியல்ல. 500 மி.கி. வயலுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை மருத்துவக் கையேடு சொல்வது 2.1 மி.லி. தண்ணீர், கரைந்த பிறகு 2.5 மி.லி. மி.லி.க்கு 200 மி.கி. ஆகிறது. 140 மி.கி.க்கு 0.7 மி.லி. எடுக்க வேண்டும். நீங்கள் 2 மி.லி. விட்டீர்கள், மொத்தமும் 2 மி.லி. தான் என்று நினைத்து மி.லி.க்கு 250 மி.கி. எனக் கணக்கிட்டீர்கள். அந்தக் கையேட்டின் கணக்குப்படி உள்ளே இருந்தது 2.4 மி.லி., மி.லி.க்கு 208 மி.கி. நீங்கள் எடுத்த 0.56 மி.லி.யில் ஏறக்குறைய 117 மி.கி. தான் இருந்திருக்கும். ஆறில் ஒரு பங்கு மருந்து வயலிலேயே தங்கிவிட்டது.

இரண்டு வயலிலும் பவுடர் பிடித்த இடம் அதே 0.4 மி.லி. தான். 10 மி.லி.யில் அது கண்ணுக்குத் தெரியாத பிழை, 2 மி.லி.யில் பெரிய பிழை. தண்ணீர் குறையக் குறைய, பவுடர் பிடிக்கும் இடத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். குறைந்த தண்ணீரில் கரைத்து, அதிலும் சின்ன அளவு எடுப்பது யாருக்காக? பச்சிளங்குழந்தைக்காகத்தான். பிழை எந்த உடம்பில் பெரிதாகக் கூடாதோ அந்த உடம்பில்தான் பெரிதாகிறது.

அந்தக் குழந்தை இன்னும் வார்டில் இருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை டோஸ் இப்படிப் போயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த டோஸிலிருந்து சரியான அளவு போகட்டும். விட்டுப்போனதை ஈடுகட்டுவதாக நினைத்து நீங்களாகக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். மருத்துவமனையில் சம்பவ அறிக்கை எழுதும் நடைமுறை இருந்தால் எழுதுங்கள். தண்டனைக்குப் பயந்து எழுதாமல் விட்டால், அடுத்த ஷிஃப்டில் வேறொரு நர்ஸ் அதே 2 மி.லி.யை விடுவார்.

உங்கள் ஃபார்முலாவில் பிழை இல்லை. "டிசையர்டு பை ஹேவ் இன்டு வால்யூம்" என்று நாங்கள் எல்லோரும் அதைத்தான் ஒப்பித்தோம், ஒப்பிக்க வைத்தோம். வேண்டிய மி.கி.யை வயலில் இருக்கும் மி.கி.யால் வகுத்து, வால்யூமால் பெருக்குவது. அந்தக் கடைசிச் சொல்லில்தான் கால் இடறுகிறது. வால்யூம் என்றால் நாம் விட்ட தண்ணீர் என்று கை பழகிவிட்டது. அங்கே போட வேண்டியது கரைந்து முடிந்த பிறகு வயலில் இருக்கும் மொத்த அளவு. இதை ஒரே கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்: கரைத்த பிறகு மி.லி.க்கு எத்தனை மி.கி.? இதற்குப் பதில் எழுதாமல் சிரிஞ்சைத் தொடாதீர்கள்.

இன்சார்ஜ் சிஸ்டர் சொன்ன "ஒண்ணும் ஆகல" என்ற சொல்லைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்லாத வார்டே கிடையாது. மருந்து அதிகமாகப் போனால் உடம்பு காட்டிக்கொடுக்கும். வலிப்பு வரும், வாந்தி வரும், பிரஷர் இறங்கும், நாலு பேர் ஓடிவருவார்கள். குறைவாகப் போனால் எதுவுமே நடக்காது. காய்ச்சல் மூன்றாம் நாள் விட வேண்டியது ஐந்தாம் நாள் விடும். "கிருமி ரொம்பத் தீவிரம் போல" என்போம். ஆன்டிபயாடிக்கை மாற்றுவோம், இன்னும் விலை கூடியதைப் போடுவோம். பெற்றவர்கள் நகையை வைத்துக் கட்டுவார்கள். வயலில் எத்தனை மி.லி. தண்ணீர் விட்டோம் என்று அந்த ஐந்தாம் நாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த இருபது வருடத்தில் ஒன்றும் ஆகவில்லையா, ஆனது யாருக்கும் தெரியவில்லையா என்பதை அந்த சிஸ்டராலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ஆகவே அந்த வாதத்தை ஏற்க வேண்டாம்.

சரி, 9.6, 2.1 என்ற எண்களை எங்கிருந்து எடுப்பது? பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலிருந்து. பெட்டியைப் பிரித்ததும் நாம் முதலில் தூக்கி எறிவது அதைத்தான்! எத்தனை மி.லி. விட வேண்டும், விட்டால் எத்தனை ஆகும், எதில் கரைக்கலாம், எத்தனை நேரம் வைக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் வயலுக்குப் பொருத்தாதீர்கள். அதே ஆம்பிசிலின் 500 மி.கி.க்கு அமெரிக்காவில் விற்கும் வயலின் தாள் 1.8 மி.லி. விடச் சொல்கிறது, 2 மி.லி. கிடைக்கும், மி.லி.க்கு 250 மி.கி. என்கிறது. கையேடு சொல்வது 200, இந்தத் தாள் சொல்வது 250. அவரவர் சொன்ன தண்ணீருக்கு அவரவர் கணக்கு சரி. ஒன்றின் தண்ணீரையும் மற்றொன்றின் கணக்கையும் கலந்தால்தான் ஆபத்து. நான் இங்கே எழுதும் எண்களையும் எடுத்துக்காட்டாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் வயலின் தாள் சொல்வதே முடிவு.

தாள் கிடைக்கவில்லை என்றால் ஃபார்மசியில் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஃபார்மசியும் பூட்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாம்: 1 கிராம் வயலில் 9 மி.லி. விட்டு முழுக்கக் கரைத்து, எல்லாவற்றையும் ஒரே சிரிஞ்சில் இழுத்து, எத்தனை இருக்கிறது என்று படித்து, பிறகு சரியாக 10 மி.லி. கோடு வரும்வரை தண்ணீர் சேர்ப்பது. பவுடர் எத்தனை இடம் பிடித்தாலும் கடைசியில் கையில் இருப்பது 10 மி.லி. தான். 10 மி.லி. சேர்ப்பது வேறு, 10 மி.லி. ஆக்குவது வேறு என்பது ஒருமுறை இதைச் செய்து பார்த்தாலே விரலுக்குப் புரிந்துவிடும். வயலின் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஊகத்தைவிட இது மேல்.

1.5 கிராம் வயல் பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி. நம் ஊர் வார்டுகளில் செஃப்ட்ரியாக்ஸோனோடு சல்பாக்டம் சேர்ந்த வயல் நிறையப் புழங்குகிறது. பெட்டியில் பெரிதாக 1.5 கிராம் என்றிருக்கும். பொடி எழுத்தில் செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம், சல்பாக்டம் 500 மி.கி. டாக்டர் செஃப்ட்ரியாக்ஸோன் 600 மி.கி. என்று எழுதியிருக்க, நீங்கள் 1,500-ஐ வைத்து வகுத்தால் 10 மி.லி. கரைசலில் 4 மி.லி. என்று வரும். அதில் செஃப்ட்ரியாக்ஸோன் 400 மி.கி. தான் இருக்கும், மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 1,000-ஐ வைத்து வகுக்க வேண்டும், 6 மி.லி. வரும். பைப்பராசிலின்–டாசோபாக்டம் 4.5 கிராம் என்றால் 4 கிராமும் அரை கிராமும். அமாக்ஸிசிலின்–கிளாவுலனிக் அமிலம் 1.2 கிராம் என்றால் 1 கிராமும் 200 மி.கி.யும். டாக்டர் எழுதியது எந்த மருந்தின் அளவு, இரண்டும் சேர்த்தா, தனித்தா என்பது கேஸ் ஷீட்டில் தெளிவாக இல்லையென்றால் போன் போட்டுக் கேட்டு, கேட்டதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இதுகூடத் தெரியாதா" என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

பெனிசிலின் வேறு வம்பு. நம் வயலில் 10 லட்சம் யூனிட் என்று இருக்கும், வெளிநாட்டுப் புத்தகத்தில் 1 மில்லியன் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். ஆங்கில "யு" மட்டும் அவசரக் கையெழுத்தில் பூஜ்யமாகிப் பத்து மடங்கு கூடிவிடும். 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டே எழுதுங்கள். 5.0 என்று பின்னால் போடாதீர்கள், புள்ளி மங்கினால் 50.

கணக்குப் போடும் முன் ஒரு மதிப்பீடு செய்துகொள்ளும் பழக்கம் உங்கள் கை நடுக்கத்தைப் பாதி குறைக்கும். வேண்டியது 600, இருப்பது 1,000. பாதி வயலுக்கு மேல், முழு வயலுக்குக் கீழ். அப்படியானால் விடை 5-க்கும் 10-க்கும் நடுவில்தான் வர வேண்டும். கால்குலேட்டர் 0.6 காட்டினாலோ 60 காட்டினாலோ அது தவறு என்று கணக்குத் தெரியாதவருக்கும் தெரியும். அதேபோல, ஒரு குழந்தையின் ஒரு டோஸுக்கு இரண்டு மூன்று வயலை உடைக்க வேண்டியிருந்தால் அங்கேயே நில்லுங்கள். எடையைத் திரும்பப் பாருங்கள், ஆர்டரைத் திரும்பப் படியுங்கள்.

இதற்கு ஒரே பெரிய விலக்கு பாம்புக்கடி மருந்து. உங்கள் மாவட்டத்தில் இது அடிக்கடி வரும் என்பதால் சொல்கிறேன். விஷமுறிவு மருந்தும் பவுடர் வயல்தான். ஒவ்வொன்றுக்கும் 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் தொடக்கத்திலேயே 8 முதல் 10 வயல் போடச் சொல்வார்கள். 12 கிலோ குழந்தைக்கும் அதேதான். பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொத்துவதில்லை. உள்ளே போன விஷத்தை முறிக்கத்தான் மருந்து, எடைக்கு அல்ல. கிலோ கணக்குப் போட்டு ஒரு வயல், இரண்டு வயல் என்று குறைத்துவிடாதீர்கள். குழந்தைக்குக் குறைப்பது அதைக் கலந்து ஏற்றும் சலைனின் அளவை மட்டும். இந்த வயலைக் குலுக்கவும் கூடாது. புரத மருந்து, நுரை கட்டிவிடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். பத்து வயலைக் கரைக்க நேரம் பிடிக்கும், இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள், அட்ரினலினைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்து பெருமளவு தயாராகிறது. அத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்து வந்து சேர்ந்த வயல் அது.

இனி, எதை விடுகிறோம் என்பது. எத்தனை விடுகிறோம் என்பதைவிட இது பெரியது என்று நான் நினைக்கிறேன். 2018 ஜூலையில் சமோவா நாட்டில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி பவுடர் நன்றாகத்தான் இருந்தது. கரைக்கத் தண்ணீருக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகளும் இறந்தன. இரண்டு செவிலியர்களுக்கு ஐந்து ஆண்டு சிறை. அதோடு முடியவில்லை. அரசு தடுப்பூசித் திட்டத்தைப் பல மாதம் நிறுத்தி வைத்தது, மக்களுக்கும் ஊசி மீதிருந்த நம்பிக்கை போனது. 2019 கடைசியில் அந்தச் சிறு தீவு நாட்டில் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். 2014-ல் சிரியாவின் இத்லிப் பகுதியிலும் இதே வகை மருந்து தடுப்பூசியில் கலந்து 15 குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்தான அட்ராகூரியத்தையும் குளிரில் வைக்க வேண்டும். அதனால்தான் அது தடுப்பூசி இருக்கும் ஃபிரிட்ஜுக்குள் போய்ச் சேருகிறது.

உங்கள் வார்டில் அட்ராகூரியம் இருக்காது. பொட்டாசியம் குளோரைடு இருக்கும். அதுவும் 10 மி.லி. ஆம்பியூல், அதுவும் நிறமில்லாத திரவம். ஸ்டெரைல் வாட்டர் ஆம்பியூலுக்குப் பக்கத்தில் அதே டப்பாவில் கிடந்தால், தூக்கக் கலக்கத்தில் அதை எடுத்து வயலில் விட்டுக் குழந்தையின் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நாளை டியூட்டிக்குப் போனதும் முதல் வேலையாகப் பொட்டாசியத்தை அந்த அலமாரியிலிருந்தே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். பவுடர் வயலின் பெயரைப் படிப்பதுபோலவே தண்ணீர் ஆம்பியூலின் பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள். தடுப்பூசிக்கு அதனோடு வந்த டைல்யூயன்ட் தவிர வேறெதுவும் வேண்டாம்.

தசையில் போடுவதற்காக லிக்னோகெயினில் கரைத்த செஃப்ட்ரியாக்ஸோனை எந்தக் காரணத்துக்காகவும் நரம்பில் ஏற்றக் கூடாது. கால்சியம் இருக்கும் ஆர்.எல். திரவத்தில் செஃப்ட்ரியாக்ஸோனைக் கரைக்கவும் கூடாது, இரண்டையும் ஒரே லைனில் சேர்த்து ஓட விடவும் கூடாது, படிந்துவிடும். பச்சிளங்குழந்தைக்கு கால்சியம் நரம்பில் போய்க்கொண்டிருந்தால் செஃப்ட்ரியாக்ஸோனே ஆகாது. ஆம்ஃபோடெரிசின் பி-க்கு நார்மல் சலைன் ஆகாது, டெக்ஸ்ட்ரோஸ் வேண்டும். ஒரு பாட்டில் சலைனைத் தொங்கவிட்டு, அதில் ஊசியைக் குத்தி வைத்து, வார்டு முழுவதற்கும் அதிலிருந்தே இழுத்துக் கரைக்கும் பழக்கம் உங்கள் இடத்திலும் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். அந்த ஊசி வழியாகக் கிருமி இறங்கினால் அத்தனை குழந்தைக்கும் நாமே ஏற்றிவிட்டதாகும். ஒரு வயல், ஒரு ஆம்பியூல், ஒரு சிரிஞ்ச்.

சில மருந்துகளுக்கு இரண்டாவது முறையும் கலக்க வேண்டும். வான்கோமைசின் 500 மி.கி.க்கு 10 மி.லி. விட்டால் மி.லி.க்கு 50 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்றால் 3 மி.லி. அதை அப்படியே ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து பிரஷர் இறங்கும். மி.லி.க்கு 5 மி.கி.க்கு மேல் போகாமல் மெலிதாக்க வேண்டும்: 3 மி.லி. மருந்தோடு 27 மி.லி. சலைன், மொத்தம் 30. குறைந்தது ஒரு மணி நேரம் ஓட வேண்டும். மைக்ரோ டிரிப் செட்டில் மி.லி.க்கு 60 சொட்டு என்பதால் நிமிடத்துக்கு 30 சொட்டு. இங்கே பலர் இடறுவது, 3 மி.லி.யோடு 30 மி.லி.யையும் சேர்த்து 33 ஆக்கிவிட்டு ஓடும் வேகத்தை 30-க்கே வைப்பதில். மணி ஆனதும் செட்டைக் கழற்றினால் மிச்ச மருந்து டியூபிலேயே நின்றுவிடும்.

0.7 மி.லி.யை 5 மி.லி. சிரிஞ்சில் எடுக்காதீர்கள். 1 மி.லி. சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். யூனிட் கோடு போட்ட இன்சுலின் சிரிஞ்ச் அதற்கு மாற்று ஆகாது. வயலின் மூடியைப் பிரித்ததும் ரப்பர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைக்காமல் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, காய விட்டுக் குத்துங்கள். கரைந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துகள் மிதந்தால், கலங்கியிருந்தால், ரப்பர் துணுக்கு கிடந்தால் அதை எறிந்துவிடுங்கள்.

மாலை ஏழு மணிக்கே எட்டு மணி டோஸ் அத்தனையையும் கரைத்து, பெயரில்லாத சிரிஞ்சுகளாக ட்ரேயில் அடுக்கி வைக்கும் வழக்கத்தை நான் கடைசிவரை எதிர்த்துவந்தேன். ஆள் பற்றாக்குறை என்பார்கள், உண்மைதான். ஆனால் ஆம்பிசிலின் கரைத்து ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். அமாக்ஸிசிலின்–கிளாவுலனிக் அமிலத்துக்கு 20 நிமிடம்தான். கரைத்த தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி நம் நாட்டு விதிப்படி 4 மணி நேரம் தாண்டினால் குப்பைக்கு. ஏழு மணிக்குக் கரைத்தது எட்டரைக்குப் போனால் மருந்து என்ற பெயரில் வேறெதையோ ஏற்றுகிறோம். ஒரு குழந்தைக்குக் கரை, லேபிள் ஒட்டு, கொடு, பிறகு அடுத்த குழந்தை. லேபிளில் குழந்தையின் பெயர், மருந்து, மி.லி.க்கு எத்தனை மி.கி., எதில் கரைத்தது, எத்தனை மணிக்கு, யார்.

இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லும்போது, "சிஸ்டர், 0.7 எடுத்திருக்கேன், சரிதானே?" என்று கேட்காதீர்கள். வேலை அவசரத்தில் "சரி" என்றுதான் வரும். ஆர்டரையும் வயலையும் தாளையும் கொடுத்து, "எத்தனை எடுக்கணும், போட்டுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் தனியாகப் போட்ட விடையும் நீங்கள் போட்டதும் ஒன்றாக வந்தால் கொடுங்கள்.

மிச்ச மருந்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வார்டில் தினமும் எழும் கேள்வி. வெளிக்கடையில் கடன் சொல்லி வாங்கி வந்த வயலில் பாதியைக் கொட்ட மனசு வராது. எனக்கும் வராது. ஆனாலும் ஒரு குழந்தைக்குத் திறந்த ஒற்றை டோஸ் வயலை இன்னொரு குழந்தைக்கு எடுக்கக் கூடாது. அதே குழந்தையின் அடுத்த டோஸுக்கு ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்பதைத் தாளும் உங்கள் மருத்துவமனை எழுதிவைத்த விதியும் சொல்லட்டும். அதற்கு முன், 250 மி.கி., 500 மி.கி. வயல்களையும் ஃபார்மசியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வீணாவது அங்கேயே பாதி குறையும்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் இதை எப்படிப் பேசுவது? நாலு பேர் முன்னால் வேண்டாம். உங்கள் வார்டில் அதிகம் புழங்கும் பவுடர் மருந்துகளின் தாள்களைச் சேர்த்து, எத்தனை விட வேண்டும், எத்தனை ஆகும், மி.லி.க்கு எத்தனை என்று ஒரு அட்டவணை எழுதுங்கள். கம்பெனி பெயரும் தேதியும் அதில் இருக்கட்டும். "இதை நீங்க ஒருமுறை பார்த்துத் தர முடியுமா சிஸ்டர்?" என்று அவர் கையில் கொடுங்கள். டாக்டரும் ஃபார்மசிஸ்டும் கையெழுத்துப் போட்டதும் மருந்து கரைக்கும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். ஃபார்மசி வேறு கம்பெனி வயல் அனுப்பும் நாளில் அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

கடைசியாக டிரை சிரப். அதே கணக்குத்தான், அளக்கும் இடம் மட்டும் வீடு. பாட்டிலைத் தட்டி அடியில் இறுகிய பவுடரை உதிர்க்கச் சொல்லுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குக் கீழே வரை விட்டு, மூடிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடுவரை நிரப்பித் திரும்பக் குலுக்க வேண்டும். வெந்நீரில் கரைக்கக் கூடாது. முதலிலேயே கோடுவரை விட்டுக் குலுக்கினால், பவுடர் நனைந்து மட்டம் இறங்கியிருக்கும்; அப்படியே விட்டால் மருந்து கெட்டியாகிவிடும். கோட்டைத் தாண்டினால் நீர்த்துவிடும். அமாக்ஸிசிலின்–கிளாவுலனிக் அமில சிரப் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து 7 நாளில் முடிக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். அந்தப் பாட்டிலில் 5 மி.லி.க்கு 228.5 மி.கி. என்று இருந்தால் அமாக்ஸிசிலின் 200, மீதி 28.5 கிளாவுலனிக் அமிலம், 1.5 கிராம் வயலில் பார்த்த அதே விஷயம்.

முடிந்தால் முதல் பாட்டிலை வார்டிலேயே அம்மாவைக் கொண்டு கரைக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம் என்று சொல்லி, ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சைக் கொடுத்து, எந்தக் கோடுவரை இழுக்க வேண்டுமோ அதைப் பேனாவால் குறியுங்கள். அவர் ஒருமுறை இழுத்துக் காட்டி, கோடு சரியாக இருக்கிறது என்று நீங்கள் பார்த்த பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள்.